‘ஆம்’ என்ற ஒரு சொல்: ஒரு ஜெர்மானிய நினைவுநூலை முன்வைத்து

செபாஸ்டியன் ஹாஃப்னர் என்னும் ஜெர்மானிய எழுத்தாளரின் ‘ஒரு ஜெர்மானியனின் கதை’ என்ற நினைவுநூலை இந்தத் தவக்காலத்தில் இரண்டாம் முறையாகப் படித்து முடித்தேன். ஆங்கிலத்தில் ‘ஹிட்லரை எதிர்த்து’ என்று பொருள்படும் தலைப்பில், ஆசிரியரின் மகனே மொழிபெயர்க்க, 2002ஆம் ஆண்டு வெளிவந்தது. அந்த ஆங்கிலத் தலைப்பில் எனக்கு உடன்பாடு இல்லை. நூலில் எதிர்ப்பு என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. எதிர்த்திருக்க வேண்டிய நேரத்தில் எதிர்க்காமற் போன இளைஞன் ஒருவன், அது எவ்வாறு நேர்ந்தது என்று தன்னையே கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்துகொள்கிறான். மூலத் தலைப்பின் அடக்கமே இதற்குப் பொருத்தமானது.

ஆசிரியரின் இயற்பெயர் ரைமுண்ட் பிரெட்செல். 1907இல் பெர்லினில் பிறந்தவர். தந்தையார் பிரஷ்ய அரசின் கல்வித்துறையில் உயர் அலுவலராக இருந்தவர். மகன் சட்டம் பயின்று, நீதித்துறையில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த காலத்தில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். ஹாஃப்னர் யூதர் அல்லர். எந்தக் கட்சியையும் சார்ந்தவரும் அல்லர். வாய் திறவாமல் இருந்திருந்தால் நீதிபதியாகி, ஓய்வூதியத்தோடு வாழ்ந்திருக்கலாம். அவரோ 1938இல் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்து, மறு ஆண்டில் இந்நூலை எழுதி, முடிக்காமலே வைத்துவிட்டார். 1999இல் அவர் இறந்த பிறகு கையெழுத்துப்படி வெளிப்பட்டு, 2000இல் அச்சேறியது. 1939இலேயே ஒருவர் இவ்வளவு தெளிவாகக் கண்டிருக்க முடியுமா, பின்னாளில் எழுதிச் சேர்த்ததோ என்று ஐயுற்றவர்களும் இருந்தனர். தாள்களைச் சோதித்த பின் அந்த ஐயம் நீங்கிற்று.

நூலின் உயிர் ஒரே ஒரு காட்சியில் இருக்கிறது. 1933 மார்ச் 31, வெள்ளிக்கிழமை. பெர்லினின் பழம்பெரும் உயர் நீதிமன்ற நூலகம். இந்த நீதிமன்றத்திற்கு ஒரு பெருமை உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் மாமன்னர் பிரெடெரிக்கின் கட்டளைக்காகத் தங்கள் தீர்ப்பை மாற்ற மறுத்து, அதன் நீதிபதிகள் சிறை சென்றார்கள். அத்தகைய இடத்தில் நம் பயிற்சியாளர் ஏதோ ஒரு வழக்குக் கட்டைப் புரட்டிக்கொண்டு அமர்ந்திருக்கிறார். வெளியே காலடி ஓசைகள், கூச்சல், கதவுகள் அறைந்து சாத்தப்படும் ஒலி. பழுப்புச் சட்டைப் படையினர் வந்திருப்பதாக யாரோ சொல்கிறார்கள். யூத வழக்கறிஞர்கள் சிலர் தங்கள் பைகளைக் கட்டிக்கொண்டு அமைதியாக வெளியேறுகிறார்கள். மற்றவர்கள் நூல்களை விட்டுத் தலை நிமிரவில்லை. வேலையில் ஆழ்ந்திருப்பதுபோல் இருப்பதே தங்கள் மதிப்பைக் காக்கும் வழி என்று எண்ணுகிறார்கள். பிறகு கதவு திறக்கிறது. ஆரியர் அல்லாதோர் உடனே வெளியேற வேண்டும் என்று உத்தரவு ஒலிக்கிறது. படைவீரன் ஒருவன் நம் ஆசிரியரின் மேசைக்கு முன் வந்து நின்று, நீ ஆரியனா என்று கேட்கிறான். எண்ணிப் பார்ப்பதற்கு முன்பே வாயிலிருந்து ‘ஆம்’ என்ற சொல் வந்து விழுகிறது. வந்தவன் அவருடைய மூக்கை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறான். அதன் பிறகே முகத்தில் குருதி ஏறுகிறது.

(ஆரியர் என்ற சொல்லுக்கு நம் மண்ணில் வேறொரு வரலாறும் வேறு வழக்குகளும் உண்டு. அவற்றை இங்கே பொருத்திப் பார்க்க வேண்டாம். அந்த நூலகத்தில் அச்சொல்லுக்கு ‘யூதன் அல்லன்’ என்பதற்கு மேல் எந்தப் பொருளும் இல்லை.)

இக்காட்சியைப் படிக்கும் கிறிஸ்தவ வாசகருக்குத் தலைமைக் குருவின் முற்றமும், குளிர்காய்ந்துகொண்டிருந்த பேதுருவும், பணிப்பெண்ணின் கேள்வியும் நினைவுக்கு வராமல் இரா. அங்கும் பதில் எண்ணத்தை முந்திக்கொண்டு வந்தது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பேதுரு சொன்னது பொய். ஹாஃப்னர் சொன்னதோ முழு உண்மை. அவர் உண்மையிலேயே அவர்கள் சொன்ன பொருளில் ‘ஆரியர்’தான். குருமடத்தில் எட்டாம் கட்டளையைப் பற்றிப் பாடம் கேட்டபோது, பொய்யின் வகைகள் எத்தனை, எவ்வெப்போது உண்மையை மறைக்கலாம் என்றெல்லாம் பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்தோம். ஒருவன் உண்மையைச் சொல்வதாலேயே அயலானைக் கைவிட முடியும் என்பதை எந்தப் பாடநூலும் எங்களுக்குச் சொன்னதாக நினைவில்லை. கேள்வியே பாவமாக இருக்கும்போது அதற்குச் சரியான விடை அளிப்பவனும் அதில் பங்காளியாகிறான். அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை கேட்டவனுக்கு உண்டு என்பதை, அவன் தன் ‘ஆம்’ மூலம் ஒப்புக்கொண்டுவிடுகிறான். ஹாஃப்னர் வெட்கியது இதற்காகத்தான். இந்நூலைப் பற்றி நான் எழுத முற்பட்டதும் இதற்காகத்தான்.

மக்களாட்சி நடைபெறும் ஒரு நாடு எப்படி வதைமுகாம்களின் நாடாக மாறுகிறது என்ற கேள்விக்கு, நம் பள்ளி வரலாற்று நூல்கள் ஒரு கொடுங்கோலனின் பெயரை விடையாகத் தருகின்றன. அது போதாது. ஜெர்மனியின் 1919ஆம் ஆண்டு வைமார் அரசியலமைப்பு அக்கால உலகின் முற்போக்கான அமைப்புகளுள் ஒன்று. ஆண், பெண் இருபாலர்க்கும் வாக்குரிமை, பேச்சுரிமை, வீட்டின் புனிதம், அஞ்சலின் மறைவு எல்லாம் அதில் எழுதப்பட்டிருந்தன. அதன் 48ஆம் பிரிவு மட்டும், பொது அமைதிக்குக் கேடு நேர்ந்தால் இவ்வுரிமைகளுள் சிலவற்றை நிறுத்திவைக்கக் குடியரசுத் தலைவருக்கு அதிகாரம் தந்தது. பெருமந்தமும் வேலையின்மையும் நாட்டை வாட்டிய ஆண்டுகளில் நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை கிட்டாத அரசுகள் இந்தப் பிரிவைப் பிடித்துக்கொண்டு ஆண்டன. 1931இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்கள் 34. அவசர ஆணைகள் 44. மறு ஆண்டில் சட்டங்கள் ஐந்தாகக் குறைந்தன. ஆணைகளோ ஏறத்தாழ 60. இவை அனைத்தும் ஹிட்லர் வருவதற்கு முன்பு நடந்தவை. இவற்றின் பெரும்பகுதிக்குப் பொறுப்பாயிருந்த பிரதமர் ஹைன்ரிக் புரூனிங் நல்ல கத்தோலிக்கர், நேர்மையாளர். வேறு வழி தெரியாமல் செய்தார். ஆனால் நாடு அந்தப் பழக்கத்துக்கு ஆளாகிவிட்டது.

1933 ஜனவரி 30இல் ஹிட்லர் முறைப்படி பிரதமராக அமர்த்தப்பட்டார். பிப்ரவரி 27 இரவு நாடாளுமன்றக் கட்டடம் தீப்பற்றி எரிந்தது. மறுநாளே, அதே 48ஆம் பிரிவின்கீழ், மக்களையும் அரசையும் காப்பதற்கென்று ஓர் ஆணை பிறந்தது. உரிமைகள் ‘மறு அறிவிப்பு வரும் வரை’ நிறுத்தப்பட்டன. மறு அறிவிப்பு 1945 வரை வரவில்லை. இந்த ஆணையின் நிழலில் வளர்ந்ததுதான் ‘பாதுகாப்புக் காவல்’ என்ற ஏற்பாடு. குற்றச்சாட்டும் இல்லை, நீதிபதியும் இல்லை. ஒருவனை அடைத்து வைத்துவிட்டு, அவனுடைய பாதுகாப்பும் நாட்டின் பாதுகாப்பும் கருதியே அடைத்ததாகச் சொல்லலாம். அவ்வாண்டு ஜூலை இறுதியில், அரசுக் கணக்குப்படியே 26,000க்கு மேற்பட்டோர் இவ்வாறு அடைபட்டிருந்தனர்.

மார்ச் 20ஆம் நாள் ஹிம்லர் பத்திரிகையாளரை அழைத்து, மியூனிக் நகருக்கு அருகே டாக்காவ் என்னும் ஊரில், பழைய வெடிமருந்துத் தொழிற்சாலையில் 5,000 பேரை அடைக்கக்கூடிய முகாம் ஒன்று திறக்கப்படும் என்று அறிவித்தார். மறுநாள் செய்தித்தாள்களில் அது வெளிவந்தது. மறைவாக நடந்தது என்று எவரும் சொல்ல முடியாது. காலைக் காப்பியோடு மக்கள் அதைப் படித்தார்கள். உள்ளே போகப்போகிறவர்கள் பொதுவுடைமைக் கட்சியினர் என்று எழுதியிருந்தது. படித்தவர்களுள் பலர் அத்தாளை மடித்துவைத்தார்கள். 22ஆம் நாள் முதல் கைதிகள் உள்ளே சென்றனர்.

இது நமக்கு முற்றிலும் அயலான செய்தியன்று. 1949 ஆகஸ்டில் நம் அரசியல் நிர்ணய சபையில் நெருக்கடிநிலை விதிகள் விவாதத்திற்கு வந்தபோது, எச். வி. காமத் இந்த வைமார் 48ஆம் பிரிவை எடுத்துக்காட்டித்தான் எச்சரித்தார். 1975இல் அவ்விதிகளின் கடுமையை நாடு கண்டது. விசாரணையின்றி அடைபட்டோர் நீதிமன்றத்தை அணுகவும் முடியாது என்று 1976இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, நீதிபதி எச். ஆர். கன்னா ஒருவரே மாறுபட்டார். 1978இன் 44ஆவது திருத்தம் உயிருக்கும் தனிமனித விடுதலைக்குமான உரிமையை நெருக்கடிநிலையிலும் நிறுத்த இயலாதபடி செய்தது. காமத்தின் பேச்சைக் கேட்க மனமிருந்திருந்தால் அது முன்பே நடந்திருக்கும்.

மீண்டும் பெர்லினுக்கு வருவோம். டாக்காவ் திறந்த மறுநாள், மார்ச் 23. நாடாளுமன்றம் ஓர் இசை நாடக அரங்கில் கூடியது. வெளியிலும் உள்ளேயும் பழுப்புச் சட்டைப் படையினர். பொதுவுடைமைக் கட்சியின் 81 உறுப்பினர்களில் எவரும் அனுமதிக்கப்படவில்லை. பலர் முன்னரே காவலில் இருந்தனர். நாடாளுமன்றத்தைக் கேளாமலே அரசு சட்டம் இயற்றலாம் என்னும் மசோதாவுக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டியிருந்தது. ஆதரவாக 444, எதிராக 94. எதிர்த்த 94 பேரும் சமூக சனநாயகக் கட்சியினர். கத்தோலிக்கரின் மையக் கட்சி முழுமையாக ஆதரித்து வாக்களித்தது. அதன் தலைவர் ஒரு குரு, மொன்சிஞ்ஞோர் லுட்விக் காஸ்.

ஹாஃப்னர் இதைச் சில வரிகளில் கசப்போடு கடந்துவிடுகிறார். அவருக்கு இது பல கட்சிகளின் துரோகங்களுள் ஒன்று. நாம் அப்படிக் கடந்துபோக இயலாது. காஸ் கோழையுமல்லர், நாஜியுமல்லர். கத்தோலிக்கப் பள்ளிகள், திருச்சபையின் உரிமைகள், தம் கட்சியினரின் அரசுப் பணிகள் ஆகியவற்றைக் காக்க வேண்டும் என்ற கவலை அவருக்கு இருந்தது. உறுதிமொழிகள் வாய்மொழியாக வந்தன. எழுத்திலும் தருவதாகச் சொன்ன கடிதம் வரவேயில்லை. புரூனிங் கட்சிக்குள் எதிர்த்து வாதாடினார். இறுதியில் கட்சிக் கட்டுப்பாட்டுக்கு இணங்கித் தாமும் கையுயர்த்தினார். ஐந்து நாள் கழித்து, நாஜிக் கட்சி குறித்து முன்னர் விதித்திருந்த பொதுவான தடைகளை ஆயர்கள் தளர்த்தினார்கள். ஜூலை 5இல் மையக் கட்சி தன்னைத்தானே கலைத்துக்கொண்டது. ஜூலை 20இல் திருப்பீடத்திற்கும் ஜெர்மனிக்கும் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ரோமுக்குச் சென்ற காஸ் தம் தாய்நாட்டுக்குத் திரும்பவில்லை. பிற்காலத்தில், பேதுருவின் கல்லறையைத் தேடிப் பேராலயத்திற்கு அடியில் நடந்த அகழாய்வை அவரே மேற்பார்வையிட்டார் என்பது வரலாற்றின் ஒரு விந்தை.

நடுநிலையாகச் சொல்வதானால், கத்தோலிக்கர் மிகுந்த பகுதிகளில்தான் நாஜிக் கட்சி குறைந்த வாக்குப் பெற்றது. நம்மவர் அந்த மாயையில் எளிதில் விழுந்துவிடவில்லை. ஆகவேதான் அந்த வாக்கு இன்னும் வலிக்கிறது. ‘எங்கள் பள்ளிகள் பாதுகாப்பாக இருக்குமா?’ என்று கேட்டார்கள். ‘இருக்கும்’ என்று பதில் வந்தது. டாக்காவுக்குள் முந்திய நாள் போனவர்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவர்கள் கடவுள் மறுப்பாளர்கள். நம் பள்ளிகளை மூட நினைத்தவர்கள். அவர்களுக்காகப் பேச நமக்கு என்ன வந்தது என்ற எண்ணம் இருந்திருக்கும். நான் அந்த அரங்கில் அமர்ந்திருந்தால் வேறு மாதிரி வாக்களித்திருப்பேனா என்று பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். உறுதியாகச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

நம் மறையுரைகளிலும் ஞாயிறு இதழ்களிலும் டாக்காவ் என்றால் குருக்களின் வதைமுகாம் என்றே பேசுகிறோம். அது உண்மைதான். 1940 முதல் குருக்கள் அங்கே தனிப் பகுதியில் அடைக்கப்பட்டனர். மொத்தம் 2,720 திருப்பணியாளர்கள். அவர்களுள் 2,579 பேர் கத்தோலிக்கர். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அங்கேயே மாண்டனர். பெரும்பான்மையோர் போலந்து நாட்டவர். இந்த மறைசாட்சிகளை நினைவுகூர்வது நம் கடமை. ஆயினும் கதையின் பின்பாதியை மட்டும் சொல்லி, முன்பாதியை விட்டுவிடுகிறோம். அவர்களை விழுங்கிய வாயில் 1933 மார்ச்சில் திறந்தபோது, நம்மவர்கள் அதைப் பார்த்துக்கொண்டே வாக்களித்தார்கள். 2020 ஏப்ரலில் ஜெர்மானிய ஆயர்கள், போர்க்காலத்து ஆயர்கள் போருக்குத் தெளிவான மறுப்புச் சொல்லாததால் அதற்கு உடந்தையானார்கள் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்கள். எழுபத்தைந்து ஆண்டுகள் ஆயின. இருந்தாலும் சொன்னார்கள்.

எல்லாம் ஒரே நாளில் முடிந்துவிடவில்லை என்பதற்கு ஒரு சான்று சொல்ல வேண்டும். 1933 ஏப்ரலில் டாக்காவில் முதல் கொலைகள் நடந்தபோது, மியூனிக் வட்டாரத்தின் அரசு வழக்கறிஞருள் ஒருவரான யோசஃப் ஹார்ட்டிங்கர் முகாமுக்கே சென்று விசாரித்தார். தப்பியோட முயன்றபோது சுட்டதாகச் சொல்லப்பட்ட நால்வரும் யூதர்கள் என்பதைக் கவனித்தார். மருத்துவர் ஒருவரின் துணையோடு உடல்களை ஆய்ந்து, முகாம் தலைவர்மீதே குற்றப்பத்திரிகை தயாரித்தார். இவரும் ஒரு கத்தோலிக்கர்தான். மேலிடத்தில் வழக்குக் கட்டை முடக்கினார்கள். முகாம் தலைவரை மாற்றினார்கள். வந்தவர் முன்னவரைவிடக் கொடியவர். ஆனால் அந்தக் கட்டு அழியவில்லை. போருக்குப் பின் நியூரம்பர்க் விசாரணையில் அது சான்றாக வைக்கப்பட்டது. ஹார்ட்டிங்கர் செய்தது அவருடைய அன்றாட அலுவலைத்தான். இறந்தவன் யார், எப்படி இறந்தான் என்று கேட்டார். ஹாஃப்னர் இவரை அறிந்திருக்க வாய்ப்பில்லை. அறிந்திருந்தால் சட்டத்துறையைப் பற்றிய அவருடைய அவநம்பிக்கை சற்றுத் தணிந்திருக்கும்.

நூலுக்குத் திரும்புகிறேன். நூலகக் காட்சிக்கு அடுத்தபடியாக என்னைக் கலக்கியவை இரண்டு இடங்கள். ஒன்று, ஆசிரியரின் தந்தையாரைப் பற்றியது. ஓய்வுபெற்ற அம்முதியவருக்கு ஒரு வினாப் படிவம் வருகிறது. எந்தக் கட்சிகளில் இருந்தீர், புதிய அரசை ஆதரிக்கிறீரா என்பன போன்ற கேள்விகள். நிரப்பாவிட்டால் ஓய்வூதியம் இல்லை. நாள் கடத்துகிறார், மேசைமுன் வெறுமனே அமர்ந்திருக்கிறார், கடைசியில் நிரப்பி அஞ்சலில் சேர்த்துவிடுகிறார். அதன் பிறகு அவருடைய வயிறு உணவை ஏற்க மறுக்கிறது. மனச்சான்று வாயால் சொல்லாததை உடல் சொல்லிவிடுகிறது. பெரிய சொற்கள் எதுவுமின்றி ஹாஃப்னர் இதை எழுதியிருக்கும் முறை, நினைவுநூல் எழுதுவோர் அனைவரும் கற்கத்தக்கது.

மற்றொன்று, 1933 இலையுதிர் காலத்தில் சட்டப் பயிற்சியாளர்களை யூட்டர்போக் என்னும் ஊரில் ஒரு பயிற்சி முகாமில் சேர்த்து அணிவகுக்கச் செய்த பகுதி. தேர்வு எழுத வேண்டுமென்றால் போயாக வேண்டும். பெர்லின் தெருக்களில் நாஜிக் கொடி வரும்போது, வணக்கம் செலுத்துவதைத் தவிர்க்க வீட்டு வாயில்களில் ஒதுங்கிக்கொண்டவர் ஹாஃப்னர். இப்போது அவரே கொடியின் பின்னால் நடக்கிறார். அவரைக் கண்டு பிறர் வாயில்களில் ஒதுங்குகிறார்கள். அதைவிடக் கொடுமை, முகாம் வாழ்க்கை அவருக்குப் பிடித்துப்போகிறது என்பதுதான். ஒன்றாக உண்பது, ஒன்றாகப் பாடுவது, துன்பத்தில் ஒருவனை ஒருவன் தாங்குவது. தோழமை நல்லது என்றுதானே நாமும் போதிக்கிறோம்? ஆனால், ‘இது சரியா?’ என்று தனியாக நின்று கேட்கும் ஒருவனை அந்தத் தோழமையே கரைத்துவிடுகிறது என்கிறார். குருமட வாழ்வை அறிந்தவன் என்ற முறையிலும், பங்கில் இளைஞர் குழுக்களை நடத்துபவன் என்ற முறையிலும், இந்தப் பக்கங்களை நான் எளிதில் தாண்டிச் செல்ல முடியவில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். முதல் உலகப் போரின் செய்தி அறிக்கைகளை விளையாட்டுப் போட்டியின் எண்ணிக்கைபோல் படித்து வளர்ந்த சிறுவர் தலைமுறையே நாஜிக் கட்சியின் விளைநிலம் என்பது அவருடைய கொள்கை. கூர்மையான கருத்துதான். அதிலிருந்து ஜெர்மானியரின் இயல்பே இது, அவர்களுக்குத் தனிவாழ்வை வாழத் தெரியாது என்ற முடிவுக்கு அவர் தாவும்போது நாம் உடன்செல்ல இயலாது. அப்படிச் சொல்லிவிட்டால் பிற நாட்டவர் அனைவரும் நிம்மதியாக உறங்கலாம். தம் நூலின் சிறந்த பக்கங்களுக்கு அவரே எதிராகப் பேசுகிறார். நூலகத்தில் அந்த ‘ஆம்’ ஜெர்மானியன் என்பதால் வரவில்லை, அச்சத்தால் வந்தது.

இன்னொரு குறை பெரியது. வெளியே அனுப்பப்பட்டவர்கள் எங்கே போனார்கள் என்பது இந்நூலில் இல்லை. கதை முழுவதும் உள்ளே அமர்ந்திருந்தவனின் கதை. அதனால் இதைத் தனியாகப் படிப்பது போதாது என்பேன். டிரெஸ்டன் நகரப் பேராசிரியர் விக்டர் கிளெம்பரரின் நாட்குறிப்புகளையும் உடன் வைத்துப் படிக்க வேண்டும். ரபி ஒருவரின் மகனாகப் பிறந்து, பின்னர் புராட்டஸ்டண்டு சபையில் சேர்ந்தவர்; முதல் உலகப் போரில் ஜெர்மனிக்காகத் தொண்டராகச் சென்றவர். 1933 முதல் 1945 வரை அவர் எழுதியது 1995இல் வெளிவந்தது. முதலில் பணி போயிற்று. பிறகு நூலகம், கார், வீடு, தட்டச்சுப்பொறி. 1941இல் மார்பில் மஞ்சள் விண்மீன் வந்தது. 1942இல் யூதர் வீட்டில் வளர்ப்பு விலங்கு இருக்கலாகாது என்று உத்தரவு வர, தாங்கள் வளர்த்த பூனையைக் கொல்லக் கொடுக்க வேண்டியதாயிற்று. அவர் மனைவி தாள்களைச் சிறிது சிறிதாகக் கொண்டுபோய்த் தோழி ஒருவரிடம் மறைத்துவைத்தார். ஒவ்வோர் உத்தரவும் சிறியது. ஒவ்வொன்றுக்கும் படிவமும் எண்ணும் உண்டு. ஒவ்வொன்றையும் நிறைவேற்ற நல்ல குடும்பத்தலைவர்களான எழுத்தர்கள் உண்டு. ஹாஃப்னரின் ஒரு ‘ஆம்’ வெளியே போய் என்னவாயிற்று என்பதற்கு இந்த நாட்குறிப்புகளே விடை.

கேள்விக்கே பணிய மறுத்தவர்களும் இருந்தார்கள். பெர்லின் புனித ஹெட்விக் பேராலயத்தின் தலைமைக் குரு பெர்னார்டு லிக்டன்பெர்க், 1938 நவம்பர் வன்முறைக்குப் பின் மாலை வழிபாட்டில் யூதர்களுக்காக வெளிப்படையாக வேண்டிவந்தார். 1941இல் வழிபாட்டைக் கேட்ட மாணவியர் இருவர் காட்டிக்கொடுத்தனர். சிறைத் தண்டனை முடிந்தபின் டாக்காவுக்குக் கொண்டு செல்லப்படும் வழியில் 1943இல் இறந்தார். ஆலந்து நாட்டுக் கார்மேல் துறவி டைட்டஸ் பிரான்ட்ஸ்மாவை நம் வாசகர்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 2022 மே 15இல், நம் தேவசகாயம் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்ட அதே திருப்பலியில் அவரும் உயர்த்தப்பட்டார். நம் பங்குகளில் தொலைக்காட்சிமுன் கூடியிருந்த அனைவர் கண்ணும் தேவசகாயத்தின் படத்தைத்தான் தேடின; அதில் வியப்பில்லை. கத்தோலிக்கப் பள்ளிகளிலிருந்து யூதப் பிள்ளைகளை விலக்க வேண்டும் என்ற உத்தரவை பிரான்ட்ஸ்மா எதிர்த்தார். 1942 ஜனவரியில், நாஜிகளின் விளம்பரங்களை வெளியிடாதீர்கள் என்று கேட்டு ஊர் ஊராகக் கத்தோலிக்கப் பத்திரிகை ஆசிரியர்களைப் போய்ப் பார்த்தார். சில நாட்களில் கைதானார். அவ்வாண்டு ஜூலை 26இல் டாக்காவில் நஞ்சூசியால் கொல்லப்பட்டார். பள்ளிகளுக்காகத்தான் காஸும் கவலைப்பட்டார். பள்ளிகளுக்காகத்தான் இவரும் போராடினார்.

என் தொழிலைத் தொட்ட ஒரு செய்தியோடு முடிக்கிறேன். 1933 ஏப்ரல் 7ஆம் நாள் சட்டம் ‘ஆரியர் அல்லாத’ அரசுப் பணியாளரை நீக்க வழி செய்தது. தாத்தா, பாட்டி நால்வரில் ஒருவர் யூதராயிருந்தாலே போதும். அதை எப்படி மெய்ப்பிப்பது? பிறப்பு இறப்பை அரசே பதிவு செய்யும் முறை ஜெர்மனி முழுவதற்கும் 1876இல்தான் வந்தது. அதற்கு முந்திய தலைமுறைக்கு ஒரே சான்று கோவில்களின் திருமுழுக்குப் பதிவேடு. ஆக, கத்தோலிக்க, புராட்டஸ்டண்டு பங்கு அலுவலகங்களின்முன் மக்கள் வரிசையில் நின்றார்கள். பங்குக்குருக்கள் பழைய ஏடுகளைப் பிரித்து, பெயரைத் தேடி, பிழையின்றி நகலெடுத்து, முத்திரையிட்டுக் கொடுத்தார்கள். யூத மதத்திலிருந்து மனம்மாறித் திருமுழுக்குப் பெற்றவரின் பெயருக்கு அருகே, அக்காலக் குருவானவர் மகிழ்ச்சியோடு எழுதிவைத்த குறிப்பும் அந்த ஏடுகளில் இருந்தது. அதையும் நகலெடுத்துக் கொடுத்தார்கள். அனைத்தும் உண்மை, ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பங்கின் எல்லையில் வெளிமாநிலத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்திருந்த குடும்பங்களுக்குக் கிறிஸ்து பிறப்பு விழாவில் போர்வை வழங்கினோம். பெயர், சொந்த ஊர், மதம், பிள்ளைகளின் வயது என்று நானே உட்கார்ந்து ஒரு பட்டியல் தயாரித்தேன். தை மாதத்தில் ஒருவர் வந்தார். ஓர் அலுவலகத்தின் பெயரைச் சொன்னார்; அந்தப் பட்டியல் வேண்டுமென்றார். மரியாதையாகப் பேசினார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. நகலெடுத்துக் கொடுத்து, தேநீரும் கொடுத்து அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து அந்தப் பக்கம் நோயாளி ஒருவருக்கு நற்கருணை கொண்டு போனபோது, தகரக் கொட்டகைகளில் ஒருவரும் இல்லை. ஒப்பந்தக்காரர், ஊருக்குப் போய்விட்டார்கள் என்றார். அப்படியே இருக்கலாம். பட்டியலின் மூலப்படி இன்னமும் திருமுழுக்குப் பதிவேடுகளோடு அதே அலமாரியில்தான் இருக்கிறது.